வீட்டில் லாயர் யாரும் இல்லாத சட்ட மாணவர்களுக்கு: சிவியும் இன்டர்ன்ஷிப்பும்

கோலாலம்பூரில் நடுத்தர அளவிலான ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இன்டர்ன்ஷிப் கேட்டு வரும் சிவிகளை முதலில் படித்துப் பிரிப்பது என் பொறுப்பு. தமிழ்ப் பிள்ளைகள் அனுப்பும் சிவிகளில் ஒரு குறையைத் தொடர்ந்து பார்க்கிறேன். செய்ததை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் வேலை, சொந்தத்தில் ஒரு லாயர்கூடக் கிடையாது. "எனக்கு என்ன பெரிய அனுபவம் இருக்கிறது" என்று தாங்களே முடிவு கட்டிவிட்டு, எல்லாரும் எழுதும் பொதுவான வரிகளைப் போட்டு நிரப்பி அனுப்புகிறார்கள். இருக்கும் அனுபவத்தை எப்படி எழுதுவது, எங்கே தேடுவது, கூப்பிட்டால் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எதற்காக, எப்போது

இன்டர்ன்ஷிப் வேறு, சேம்பரிங் வேறு. சேம்பரிங் என்பது 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி பட்டப்படிப்புக்குப் பிறகு செய்யும் 9 மாதப் பயிற்சி. குறைந்தது 7 ஆண்டு தொடர்ந்து தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரின் கீழ் அதை முடிக்க வேண்டும். படிக்கும்போது செய்யும் இன்டர்ன்ஷிப் அந்த 9 மாதத்தில் கழியாது. ஆனால் சேம்பரிங்குக்கு ஆள் எடுக்கும்போது, ஏற்கெனவே வந்து ஒழுங்காக வேலை செய்த முகம்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால்தான் இரண்டாம் ஆண்டிலேயே தொடங்குங்கள் என்கிறேன்.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்குப் பாடத்திட்டத்திலேயே தொழிற்பயிற்சி இருக்கலாம். இங்கிருந்தபடியே லண்டன் பல்கலைக்கழக எல்எல்பி சட்டப் பட்டம் படித்து, பிறகு வழக்கறிஞராவதற்கான சிஎல்பி தேர்வை எழுதப் போகிறவர்களுக்கு யாரும் ஏற்பாடு செய்து தரமாட்டார்கள். தாங்களாகத்தான் தேட வேண்டும். யாராக இருந்தாலும், போக நினைக்கும் மாதத்துக்கு மூன்று முதல் ஆறு மாதம் முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். பெரிய அலுவலகங்களில் இடம் இன்னும் சீக்கிரம் நிரம்பிவிடும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களில் அனுப்பிவிட்டுப் பதில் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அப்போது பாதி அலுவலகம் காலியாக இருக்கும்.

அப்புறம், எல்லா லாயர் ஆபீஸும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில அலுவலகங்கள் முழுநேரமும் வழக்காடும். சில, வீடு நிலம் வாங்கி விற்கும் ஒப்பந்தமும் வங்கிக் கடனும் நில அலுவலகமுமாகவே இருக்கும். அதைத்தான் கன்வேயன்சிங் என்கிறோம். சில, நிறுவனங்களின் ஒப்பந்தங்களை மட்டும் பார்க்கும். உங்களுக்கு எது பிடிக்கும் என்று இப்போதே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதும் அலுவலகம் எதைச் செய்கிறது என்று கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். கன்வேயன்சிங் அலுவலகத்துக்கு "நீதிமன்றத்தில் வாதாடுவதே என் லட்சியம்" என்று எழுதினால், அந்தக் கடிதம் அத்தோடு சரி.

சிவி: ஒரு பக்கம் போதும்

ஆங்கிலத்தில் எழுதுங்கள். மாணவருக்கு ஒரு பக்கம் போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், படிப்பு, சட்டம் சார்ந்த அனுபவம், மற்ற வேலைகள், மொழிகள் என்ற வரிசை நன்றாக இருக்கும்.

முதலில் பெயர். அடையாளக் கார்டில் நம் பெயரோடு ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) என்று வரும். சிவியில் அதைப் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சிவியில் அப்பா பெயர் இல்லாமல், மதிப்பெண் பட்டியலில் அப்பா பெயரோடு, மின்னஞ்சலில் செல்லப் பெயர் என்று மூன்று விதமாக வந்தால், அலுவலக நிர்வாகி தேடும்போது உங்கள் கோப்பு கிடைக்காது.

அடையாளக் கார்டு எண்ணை எழுதாதீர்கள். அந்த 12 இலக்கத்தில் பிறந்த தேதியும் பிறந்த மாநிலமும் அடங்கியிருக்கின்றன. முன்பின் தெரியாத முப்பது அலுவலகங்களின் மின்னஞ்சல் பெட்டியில் அது கிடக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொண்ட பிறகு கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும். மதம், திருமண நிலை, அப்பா அம்மாவின் தொழில் ஆகியவையும் வேண்டாம். படம் கேட்டால் மட்டும் வையுங்கள்.

சிஜிபிஏவை மறைக்காதீர்கள். அது இல்லாத சிவியைப் பார்த்தால், குறைவாகத்தான் இருக்கும் என்றே நினைத்துக்கொள்வார்கள். மொத்தப் புள்ளி சுமாராக இருந்து, நிலச் சட்டத்திலோ சாட்சியச் சட்டத்திலோ நல்ல தேர்ச்சி இருந்தால் அந்தப் பாடங்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். யுபிஎஸ்ஆர், பிடி3 போன்ற பழைய பள்ளித் தேர்வுகளை எல்லாம் எடுத்துவிடலாம். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய் மொழித் தேர்ச்சியை மட்டும் விடாதீர்கள். தேசிய மொழிச் சட்டப்படி நீதிமன்ற நடவடிக்கை மலாயில்தான் நடக்க வேண்டும். நீதியின் நலன் கருதி ஆங்கிலத்தை அனுமதிக்கலாம், அவ்வளவுதான். நல்ல மலாய் எழுதும் மாணவருக்கு வழக்காடும் அலுவலகத்தில் உண்மையான மதிப்பு இருக்கிறது.

இனி முக்கியமான இடம்: நீங்கள் செய்ததை எழுதுவது. ஒவ்வொரு வரியும் நீங்கள் என்ன செய்தீர்கள், எதை எழுதினீர்கள், எதைத் தயாரித்தீர்கள் என்று சொல்ல வேண்டும். மூன்று உதாரணம் தருகிறேன். உங்கள் சிவி ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே தமிழில் சொல்கிறேன்.

"மூட் போட்டியில் கலந்துகொண்டேன்" என்று ஒருவர் எழுதுகிறார். மூட் என்பது மாணவர்கள் கற்பனை வழக்கில் வாதாடும் போட்டி. இதில் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி எழுதலாம்: "ஒப்பந்தச் சட்ட மூட் போட்டி, மேல்முறையீட்டாளர் தரப்பு. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் இழப்பீடு பற்றிய எழுத்து வாதத்தைத் தயாரித்தேன்." பரிசு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்தப் பிரிவைப் படித்தவர், எதை எழுதத் தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது, "கோயில் இளைஞர் பிரிவுச் செயலாளர்". பலர் இதைக் கடைசி வரியில் கூச்சத்தோடு போடுகிறார்கள், அல்லது போடுவதே இல்லை. ஆனால் அந்தச் செயலாளர் என்னென்ன செய்திருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். ஆண்டுக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பார். கூட்டக் குறிப்பு எழுதியிருப்பார். சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை தயாரித்திருப்பார். யார் ஓட்டுப் போடலாம் என்று சண்டை வந்தபோது சங்க விதிகளைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்லியிருப்பார். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்கீழ் வரும் வேலை இது. ஒரு லாயர் ஆபீஸில் காசு வாங்கிக்கொண்டு இதே வேலையைத்தான் செய்கிறார்கள். அதை அப்படியே எழுதுங்கள்: "ஆண்டுக் கூட்ட நோட்டீஸ், கூட்டக் குறிப்பு, சங்கப் பதிவிலாகாவுக்கான ஆண்டறிக்கை ஆகியவற்றை மலாயில் தயாரித்தேன்."

மூன்றாவது, "அப்பாவின் கார் பட்டறையில் உதவி". காப்புறுதி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினீர்களா? பாக்கி வைத்தவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பினீர்களா? பில்களை வரிசைப்படுத்திக் கணக்கு வைத்தீர்களா? ஆவணத்தை ஒழுங்காக வைக்கத் தெரிந்த ஆள் என்பது எங்களுக்குப் பெரிய செய்தி. விரைவு உணவுக் கடை, டியூஷன், இரவுச் சந்தை என்று எதில் வேலை பார்த்திருந்தாலும் இதே முறையில் எழுதலாம். படித்துக்கொண்டே எவ்வளவு காலம் அந்த வேலையில் நிலைத்திருந்தீர்கள் என்பதையும் சேருங்கள்.

மொழிகள் பகுதியில் தமிழைச் சும்மா பெயருக்குப் போடாதீர்கள். பேசவா, படிக்கவா, மொழிபெயர்க்கவா என்று சொல்லுங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பாதுகாவலர், வீட்டு மனை விவகாரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பாட்டி போன்றவர்கள் அலுவலகத்துக்கு வரும்போது தங்கள் கதையைத் தமிழில்தான் முழுதாகச் சொல்வார்கள். மலாயில் கேட்டால் நான்கு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். வழக்குக்குத் தேவையான விவரம் ஐந்தாவது வாக்கியத்தில் இருக்கும். அதை எடுத்துத் தரக்கூடிய மாணவர் அலுவலகத்துக்கு மிகவும் வேண்டியவர். இதோடு ஒரு பொறுப்பும் வருகிறது. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்கிறது. அடுத்த பிரிவான 127, அதே கட்டுப்பாட்டை மொழிபெயர்ப்பாளருக்கும் வழக்கறிஞரின் எழுத்தர், பணியாளருக்கும் விரிக்கிறது. நீங்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தால், கேட்டது உங்களோடு இருக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட வரக் கூடாது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுத்துப் பிழை பார்ப்பது சரி. மொத்த சிவியையும் அதனிடம் கொடுத்து எழுதச் சொன்னால், அதே சொற்களோடு வரும் பத்து சிவிகளில் உங்களுடையதும் ஒன்றாகிவிடும். எழுத்து மாதிரி கேட்கும் அலுவலகத்துக்குச் சரிபார்க்காத வழக்கு மேற்கோளை அனுப்புவது அதைவிட மோசம். 2023இல் நியூயார்க்கில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. நீங்கள் குறிப்பிடும் ஒவ்வொரு தீர்ப்பையும் நீங்களே திறந்து படித்திருக்க வேண்டும்.

பரிந்துரைப்பவராக விரிவுரையாளர் பெயரைப் போடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோப்பைப் பிடிஎப்பாக, உங்கள் பெயரிலேயே சேமியுங்கள்.

எங்கே தேடுவது

பெயர் தெரிந்த பெரிய அலுவலகங்களின் இணையத்தளங்களில் விண்ணப்பப் படிவம் இருக்கும். 1918இல் தொடங்கிய ஷூக் லின் அண்ட் போக், 1963இல் தொடங்கிய ஸ்க்ரைன் போன்றவற்றுக்கு எல்லா மாணவர்களும் எழுதுவார்கள். நீங்களும் எழுதுங்கள். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

பலர் பயன்படுத்தாத ஒரு வழி இருக்கிறது. உங்கள் நூலகத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடும் மலாயன் லா ஜர்னலும் கரண்ட் லா ஜர்னலும் இருக்கும். உங்களுக்குப் பிடித்த துறையில் அண்மைய தீர்ப்புகளை எடுங்கள். தீர்ப்போடு யார் யார் ஆஜரானார்கள், எந்த அலுவலகம் என்று அச்சிட்டிருப்பார்கள். தொழிலாளர் வழக்கு பிடிக்குமென்றால், அதில் திரும்பத் திரும்ப வரும் அலுவலகங்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் உங்களுக்கென்று ஒரு பட்டியல் தயார். அதில் நீங்கள் கேள்விப்படாத, ஐந்தாறு வழக்கறிஞர்கள் மட்டுமே இருக்கும் அலுவலகங்களும் வரும். சிறிய அலுவலகத்தில் இன்டர்னுக்கு உண்மையான வேலை கிடைக்கும். முதல் வாரமே நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போவார்கள். முகவரியை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் தேடி எடுக்கலாம். தீர்ப்புகளை நீதித்துறையின் இணையத்தளத்திலேயே இலவசமாகப் படிக்கவும் முடியும்.

கடைவீட்டு மாடிகளில் இருக்கும் சிறிய அலுவலகங்களுக்கு நேரில் போகலாம். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் ஈப்போ பக்கம். பினாங்கில் லெபோ பிஷப், லெபோ பந்தாய் சுற்றுவட்டாரம். காலை பத்து மணிக்கு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் இருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். சிவியை முன்மேசையில் இருக்கும் அக்காவிடம் மரியாதையாகக் கொடுத்து, யாருக்கு மின்னஞ்சல் அனுப்பலாம் என்று கேளுங்கள். சிறிய அலுவலகத்தில் அந்த அக்காவின் வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

வழக்கறிஞர் அலுவலகம் தவிர வேறு கதவுகளும் இருக்கின்றன. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இயங்குகின்றன. பினாங்கில் பயனீட்டாளர் சங்கம், கோலாலம்பூரில் மனித உரிமை ஆணையமான சுஹாகாம், ஆசிய அனைத்துலக நடுவர் மையம், புத்ராஜெயாவில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் ஆகியவற்றுக்கும் எழுதிக் கேளுங்கள். ஏழை எளியவர்களின் பிரச்சினையோடு வேலை செய்ய விரும்பும் மாணவருக்குச் சட்ட உதவி மையத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

இடம் கிடைக்கும்வரை நீதிமன்றத்துக்குப் போய்ப் பாருங்கள். பொது விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா வளாகம், பினாங்கில் லெபோ லைட்டில் உள்ள உயர்நீதிமன்றம். நாகரிகமாக உடுத்தி, கைப்பேசியை அணைத்துவிட்டு, உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் தலை தாழ்த்தி வணங்கிவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். பார்த்ததைக் குறிப்பெடுத்தால் நேர்காணலில் பேச விஷயம் கிடைக்கும்.

மின்னஞ்சல்

சுருக்கமாக, ஐந்தாறு வாக்கியம். யார், எந்த ஆண்டு மாணவர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, ஏன் இந்த அலுவலகம். கடைசிக் கேள்விக்குத்தான் நேரம் செலவிட வேண்டும். "உங்கள் அலுவலகம் ஆஜரான இந்த வழக்கின் தீர்ப்பைப் படித்தேன், இந்த வாதம் என்னை யோசிக்க வைத்தது" என்ற ஒரு வாக்கியம் போதும், படித்திருந்தால் மட்டும்.

பெயரையும் பட்டத்தையும் சரிபாருங்கள். டத்தோ பட்டத்தை ஆங்கில எழுத்தில் எழுதும்போது, பினாங்கு மாநிலம் தருவதற்கும் கூட்டரசு தருவதற்கும் எழுத்துக்கூட்டல் வேறு வேறு. அலுவலக இணையத்தளத்தில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுங்கள். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். இருபது முகவரியை ஒன்றாகப் போட்ட மின்னஞ்சலை யாரும் திறந்து படிக்கப்போவதில்லை. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போங்கள்.

நேர்காணல்

பெரும்பாலும் அரைமணி நேரம். சிவியில் இருக்கும் ஒவ்வொரு வரியையும் பற்றிக் கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75ஆம் பிரிவு பற்றி எழுதிவிட்டு, 1995ஆம் ஆண்டு செல்வகுமார் எதிர் தியாகராஜா வழக்கோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த கேள்வி 2018இல் கூட்டரசு நீதிமன்றம் கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் என்ன சொன்னது என்பதாக இருக்கும். முன்பு, மீறினால் இவ்வளவு இழப்பீடு என்று ஒப்பந்தத்தில் தொகை எழுதியிருந்தாலும், அதைக் கேட்பவர் பொதுவாக நட்டத்தை நிரூபிக்க வேண்டும் என்றார்கள். 2018 தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தொகை நியாயமற்றது என்று காட்டும் சுமை ஒப்பந்தத்தை மீறிய தரப்பின் பக்கம் போனது. இந்த மாற்றத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிந்தால், உங்களை மறக்கமாட்டார்கள்.

தொழிலாளர் வழக்கு செய்யும் அலுவலகம் என்றால், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் போங்கள். காரணமின்றி நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். நம் மக்களில் பலருக்கு இந்தக் கெடு தெரியாமலேயே கடந்துபோகிறது. கேள்விக்குப் பதில் தெரியவில்லையென்றால், "தெரியவில்லை, இந்தச் சட்டத்தில்தான் தேடுவேன்" என்று சொல்லுங்கள். அது நல்ல பதில்.

அலவன்ஸ் பற்றிக் கடைசியில் கேட்கலாம், தப்பில்லை. கோலாலம்பூரில் தினமும் எல்ஆர்டி ஏறுபவர்கள் 50 ரிங்கிட் மாதப் பாஸ் எடுத்துக்கொண்டால் போக்குவரத்துச் செலவு அதற்குள் அடங்கும். ஜார்ஜ்டவுன் நகருக்குள் கேட் பேருந்து இலவசம்.

உள்ளே போன பிறகு

சிறிய நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருங்கள். வேலை கொடுக்கும்போது மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வடிவில் வேண்டும், எப்போது வேண்டும், எவ்வளவு ஆழமாகத் தேட வேண்டும். ஆவணக் கட்டு சேர்ப்பது, பக்க எண் போடுவது, பிரமாணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு, அதை உறுதிப்படுத்தும் சத்தியப் பிரமாண ஆணையரிடம் (பெசுருஹ்ஜாயா சும்பா) ஓடுவது எல்லாம் முதல் வாரத்தில் வரும். அந்தக் கட்டைச் சேர்க்கும்போதே படியுங்கள். ஒரு வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்று அதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையிலும் தெரியாது.

ஒவ்வொரு நாளும் என்ன செய்தீர்கள் என்று கட்சிக்காரர் பெயர் இல்லாமல் குறித்து வையுங்கள். சிவியில் சேர்க்கும்போதும் பெயர் வரக் கூடாது. "நிலத் தகராறு வழக்கு ஒன்றில் உயர்நீதிமன்ற எழுத்து வாதத்துக்கான ஆய்வு" என்று எழுதினால் போதும். கோப்பின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவது, கட்சிக்காரர் பெயரைச் சிவியில் எழுதுவது இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படி வந்த சிவியை அடுத்த அலுவலகம் எடுக்காது. எங்கள் கட்சிக்காரர் பெயரையும் நாளை இப்படித்தான் எழுதுவார் என்று பயப்படும்.

கடைசி வாரத்துக்கு முந்திய வாரமே உங்களோடு வேலை செய்த வழக்கறிஞரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். நீங்கள் செய்த வேலைகளின் பட்டியலையும் அவரிடம் கொடுங்கள், எழுத அவருக்கு எளிதாக இருக்கும். அங்கேயே சேம்பரிங் செய்ய ஆசை இருந்தால் அதையும் அன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் பலர், கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று பேசாமல் போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து இடம் காலியாகும்போது, கேட்டுவிட்டுப் போனவரைத்தான் அழைக்கிறோம்.